காற்றுக்குள் இருந்த தண்ணீர்

நம் வயதுக்காரர்களிடம் இதைச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. அந்தக் காலத்து சினிமாவில் நடுக்கடலில் கப்பல் எரிந்தால், எரிந்தது யாரோ செய்து வைத்த சின்னக் கப்பல்தான் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நானும் நீங்களும் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து வாயைப் பிளந்தவர்கள். இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்களாம். அப்போது மரத்தில் செய்து, பெயிண்ட் அடித்து, தண்ணீரில் விட்டு, நிஜமாகவே கொளுத்த வேண்டும். அப்படி ஒரு கப்பல் எங்கள் குப்பத்துக்கு வந்தது. நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. ஏரியில் பெரிய அலை கிடையாது, கரையோரம் இடுப்பளவுதான் ஆழம். ஆனால் கேமராவைத் தாழ்த்தி வைத்துப் பார்த்தால் கடல் மாதிரியே தெரியுமாம். அதற்காகத்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். அப்போது எங்கள் ஊருக்குப் பாலம் இல்லை. லாரியை அக்கரையில் நிறுத்திவிட்டு, கப்பலைத் துண்டு துண்டாகப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஜெனரேட்டர் ஒரு படகில். பெயிண்ட் அடிக்கக் காற்றை டேங்கில் அடைத்துக் குழாய் வழியே அனுப்பும் கம்ப்ரசர் ஒரு படகில். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எரித்து முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

வலை காயப்போடும் மேட்டில் கீற்றுக்கொட்டகை போட்டு அதற்குள் துண்டுகளைச் சேர்த்துக் கப்பலைப் பூட்டினார்கள். பூட்டியபின் பார்த்தால் எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், படகு நீளம் இருந்தது. அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஜன்னல்கள், புளியங்கொட்டை மாதிரி உயிர்காப்புப் படகுகள், தையல் நூலில் ஏணிகள். கொட்டகைக்குள் நுழைந்தாலே தின்னர் வாசனை மூக்கு வழியாக நாக்குக்கு இறங்கி இனிக்கும். மற்றப் பிள்ளைகளையெல்லாம் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் உள்ளே போகலாம். யூனிட்டுக்கு மீன் குழம்பு வைத்துக்கொடுத்தவள் என் அம்மா, கம்ப்ரசர் ஓட்டியவன் என் அண்ணன்.

அண்ணனுக்கு அப்போது கல்யாண வயது. சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு நிலத்துக்காரரிடம் டீசல் மோட்டார் ஓட்டியவன், அதனால் யூனிட்காரர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். நைனாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. ஒரே ஆண்பிள்ளை, தன்னோடு ஏரிக்கு வர வேண்டும் என்பது அவர் நினைப்பு.

"மோட்டார் சத்தம் கேட்டுகினே இருந்தா காது செத்துப்பூடும்டா. அப்பால மீன் துள்றது எங்க கேக்கும்?" என்பார்.

"நீ ஏரிய பாரு நைனா. நான் மோட்டாரப் பாக்கறேன்" என்பான் அண்ணன்.

கப்பலுக்கு பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்திருந்தார். அவரை எல்லோரும் பெயிண்டர் என்றே கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர், மூக்கில் எந்நேரமும் கைக்குட்டை. கப்பலின் உடம்புப் பகுதிக்குக் கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கன். துருப்பிடித்த கறை, புகைக் கரி, ஜன்னலுக்குக் கீழே வழிந்த அழுக்கு, இதற்கெல்லாம் பேனா அளவில் ஒரு ஏர் பிரஷ். அதை அவர் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி ஒரு இழுப்பு இழுத்தால், மரத்தின் மேல் இருபது வருஷம் உப்புக்காற்றில் கிடந்த இரும்பு தெரியும். எனக்கு ஒருமுறை விரல் நகத்தில் சிவப்பு அடித்துவிட்டார். காற்று ஜில்லென்று இருந்தது. அந்த நகம் வளர்ந்து போகும்வரை வெட்டாமல் வைத்திருந்தேன்.

எல்லோருக்கும் மேலே மேனேஜர். வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. வந்த முதல் வாரமே ஊர்ப் பெண்களோடு தகராறு. கொட்டகைக்குப் பக்கத்து மணலில் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். நாற்றம் தாங்கவில்லை, அள்ளுங்கள் என்று கத்தினார். ஒரு பாயைக் காலாலேயே ஒதுக்கினார்.

அண்ணன் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். "சார், கால எடு. அது எங்க சோறு."

மேனேஜர் காலை எடுத்துவிட்டார். ஆனால் அவனைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பின்னால் நடந்ததற்கு அங்கேதான் விதை விழுந்தது என்று நினைக்கிறேன்.

கப்பலுக்குக் கறுப்பு அடித்த அன்று ஆரம்பித்தது தொல்லை. அடிக்கும்போது கண்ணாடி மாதிரி பளபளத்தது. சற்று நேரத்தில் அதன் மேல் ஒரு வெள்ளை பூத்தது. சாம்பல் பூசணிக்காய் மேல் பூத்திருக்குமே, அதே மாதிரி. பெயிண்டர் விரலால் துடைத்தார். போகவில்லை. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார். இந்தத் தடவை கன் இருமியது. சீராக வந்த காற்று தடுக்கி, புளிச் புளிச்சென்று துப்பியது. கறுப்பு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி. ஏர் பிரஷ்ஷில் துரு இழுத்தால் கோடு பாதியில் உடைந்து சொட்டாக வழிந்தது.

இப்படியே சில நாட்கள். தேய்ப்பதும் அடிப்பதும். மெட்ராஸிலிருந்து டைரக்டர் வரும் நாள் நெருங்கியது. கடலிலிருந்து கொண்டல் காற்று ஈரத்தோடு அடிக்க ஆரம்பித்துவிட்டது, அப்பளத்தைத் தட்டில் வைத்துத் திரும்பினால் நமுத்துப்போனது. மேனேஜர் கொட்டகைக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்தார். பெயிண்டரைத் தொழில் தெரியாதவன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெயிண்டர் கைக்குட்டையைக் கழற்றவே இல்லை. கண் மட்டும்தான் தெரிந்தது.

ஒரு நாள் காலை, மேனேஜரே ரப்பர் குழாயைப் பிடுங்கி உதறினார். அவருடைய வெள்ளை ஷூ மேல் தண்ணீர் சொட்டியது.

எல்லோரும் அந்த ஷூவையே பார்த்தார்கள்.

"காத்து போற குழாயில தண்ணி எப்படி வந்துச்சு?"

அண்ணன் குனிந்து பார்த்தான். "தெரியல சார்."

"கொட்டகை சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டத்தான்."

"டேங்க்ல ஏரித் தண்ணிய ஊத்தியிருக்கே. கருவாட்டுக்காகப் பழி வாங்கறியா?"

அண்ணன் சிரித்துவிட்டான். அதுதான் தப்பாகப் போனது. அவனுக்கு அது அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கிறது, பாவம். யூனிட் ஆட்கள் இருவர் அவன் கைகளைப் பின்னால் வளைத்துப் பிடித்தார்கள். படகை எடு, அக்கரைக்குப் போய் போலீஸைக் கூட்டி வா என்று மேனேஜர் கத்தினார். செய்தி ஊருக்குள் போய், ஜனம் கூடிவிட்டது.

நைனா ஏரியிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்தார். தோளில் வலை, வேட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். மேனேஜர் சொன்னதை முழுக்கக் கேட்டார். வலையைக் கீழே வைத்தார். போய் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். ஈரக்கை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"சோறு போடற எடத்துல இந்த வேலையாடா?"

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அதுவரை மேனேஜர் மட்டும் சொன்ன குற்றம், அந்த அடியோடு ஊருக்கே உண்மையாகிவிட்டது. பெற்றவனே அடிக்கிறான் என்றால் செய்துதான் இருப்பான் என்று பக்கத்து வீட்டு அத்தை முணுமுணுத்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் மீன் செதில்.

"யாரு பாத்தது?" என்றாள்.

"பார்க்கணுமா? தண்ணி தானா நடந்து வந்து டேங்க்ல ஏறுமா?" என்றார் மேனேஜர்.

"எனுக்குத் தெரியாது. டேங்கக் காலி பண்ணிட்டு, எம்புள்ள தொடாம நீயே ஓட்டு. ஊரே குந்திப் பாக்கட்டும். தண்ணி வந்தா அவன் ஊத்தல. வர்லன்னா நானே அவன டேசனுக்குக் கூட்டினு போறேன்."

மேனேஜர் மறுக்கப் பார்த்தார். ஊர்ப் பெரியவர் விடவில்லை. "அந்தம்மா கேக்கறது ஞாயம். ஓட்டுங்க" என்றார்.

பெயிண்டர்தான் ஸ்பேனரை எடுத்தார். டேங்கின் அடியில் ஒரு மூடி, துருவில் இறுகிக் கிடந்தது. அதைத் திருகித் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது, மணலில் ஓடி என் கால்வரை வந்தது. "பாத்தீங்களா எவ்வளவு ஊத்தியிருக்கான்!" என்று மேனேஜர் ஊரைப் பார்த்துக் கையை விரித்தார். அம்மாவின் முகம் செத்துவிட்டது. டேங்கைச் சாய்த்து, தட்டி, கடைசிச் சொட்டுவரை வடித்தார்கள். மூடியை இறுக்கினார்கள். யாராவது தொட்டால் தெரியும்படி பெரியவர் அதன்மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினார். கம்ப்ரசரை ஓட்டினார்கள்.

அந்தக் காலைப் பொழுது மாதிரி ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. தடதடவென்று அந்த மெஷின். சுற்றி ஊர். வேலிகாத்தான் மர நிழலில் அண்ணன், இரண்டு பக்கமும் ஆள். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. நைனா எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கிழியாத வலை. அம்மா உட்காரவே இல்லை. ஒரு கட்டத்தில் குனிந்து என் காதில் கேட்டாள்.

"தண்ணி வந்துடும்ல?"

அவளுக்கு ஏதோ தெரிந்துதான் சவால் விட்டிருக்கிறாள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். "வந்துடும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

வெயில் உச்சிக்கு வந்ததும் மேனேஜர் போதும் என்றார். மெஷின் நின்றது. காது அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு அமைதி. பெரியவர் சுண்ணாம்பு கலையாததைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பெயிண்டர் மூடியை லேசாகத் திருகினார்.

உஸ்ஸென்று காற்று வந்தது. மணல் பறந்தது. தண்ணீர் இல்லை.

பெயிண்டர் மூடியை உடனே இறுக்கினார். மேனேஜர் கைக்குட்டையால் ஷூவைத் தட்டிக்கொண்டார். "அப்புறம் என்ன? கிளம்புங்க." படகுக்காரர் கோலை எடுத்தார். அம்மா நடந்து போய் அண்ணனின் முன்னால் நின்றாள். அவளும் அவனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், அவ்வளவுதான்.

"சார்" என்றார் பெயிண்டர்.

யாருக்கும் கேட்கவில்லை. அவர் கைக்குட்டையைக் கீழே இழுத்துவிட்டு மறுபடி சொன்னார். "சார். டேங்க் சூடா இருக்கு. ஆறட்டும்."

"ஆறினா?"

"இட்லிப் பானையில கொதிக்கறப்ப ஆவியாத்தான் இருக்கும் சார். மூடியில பட்டு ஆறினாத்தான் தண்ணியாச் சொட்டும். இங்க இருக்கற காத்துல ஈரம் ஜாஸ்தி. அதைத்தான் மெஷின் இழுத்து டேங்க்ல அடைக்குது."

மேனேஜர் அவரையே பார்த்தார். "இது உனக்கு எப்ப தெரியும்?"

பெயிண்டர் கைக்குட்டையை மறுபடி மூக்குக்கு ஏற்றிக்கொண்டார்.

இட்லிப் பானை என்றதும் அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆறுவதற்கு ஒரு குடம் தண்ணீரை டேங்க் மேல் ஊற்றலாமே என்று குடத்தைத் தூக்கினாள். "அடியே, தண்ணி கிட்டவே வரக்கூடாது! பின்னால எவனாவது ஒண்ணு சொல்லுவான்" என்று பெரியவர் அதட்டினார். குடத்தை அப்படியே வைத்துவிட்டாள். காத்திருந்தோம். டேங்கை யாராலும் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அதுவரை மேற்கிலிருந்து அடித்த தரைக்காற்று ஓய்ந்தது. கடலிலிருந்து காற்று திரும்பி, முகத்தில் பிசுபிசுத்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை. அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்த வாசனை ஊர் முழுக்கப் பரவியும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவர் டேங்க் மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் வைத்திருக்க முடிந்தபோது, "இப்ப தெற" என்றார். பெயிண்டர் அடியில் ஒரு அலுமினியத் தட்டை வைத்தார். ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது.

முதலில் உஸ். பிறகு ஒரு இருமல். பிறகு புளிச்சென்று ஒரு துப்பல். அப்புறம் நூல் மாதிரி, பழுப்பாக, தட்டில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

தட்டில் விழும் சத்தம் மட்டும். நைனா எழுந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. குந்தி உட்கார்ந்து, தட்டில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்று ஏரித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தே சொல்லிவிடுகிறவர். நாக்கை அசைத்துப் பார்த்தார், துப்பினார்.

"உப்பு இல்ல" என்றார். "ஏரித் தண்ணி இல்ல இது."

அதைத் தட்டிடம்தான் சொன்னார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சரி சரி, டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, வேலையைப் பாருங்க" என்று மேனேஜர் கையைத் தட்டினார். அண்ணனை விட்டார்கள். அவன் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினான். நைனா அவன் தோளைத் தொடக் கையை நீட்டினார். அவன் விலகவெல்லாம் இல்லை. நடந்தான், அவ்வளவுதான். கை அந்தரத்தில் நின்றது. அவன் நேரே ஏரியில் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் பெயிண்டர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "எனக்கு முதல் நாளே சந்தேகம் இருந்துச்சுக்கா. ஸ்டுடியோவுல குழாய்க்கு நடுவுல தண்ணி பிடிக்கறதுக்குக் கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்கும். இங்க வந்த மெஷின்ல இல்ல. கேட்டா, தொழில் தெரியாததுக்குச் சாக்கு சொல்றேம்பாங்க."

"சந்தேகம் இருந்த வாயி காலையில எங்க போச்சுய்யா?" என்று அம்மா கேட்டாள். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அவர் போகும்போது, "காலையில நாஷ்டாவுக்கு வந்துடு" என்றாள்.

அப்புறம் அவர் வேலையே மாறிவிட்டது. நீளக் குழாய் வரவழைத்து, அதைச் சுருட்டி, தண்ணீர் நிரப்பிய மண்பானைக்குள் விட்டு மறுமுனையை வெளியே எடுத்தார். காற்று பானைக்குள்ளேயே குளிர்ந்து, ஈரம் குழாயில் இறங்கிவிடும். அதைத் தாழ்வில் தொங்கவிட்ட ஒரு பாட்டிலில் பிடித்தார். அடிக்கடி டேங்கைத் திறந்து வடித்தார். காலைத் தரைக்காற்று அடிக்கும்வரைதான் பெயிண்ட், கடல்காற்று திரும்பினால் கன் கீழே. பூத்துப்போயிருந்த வெள்ளைக்கும் வழி வைத்திருந்தார். நல்ல வெயில் ஏறிய ஒரு காலையில், பெயிண்டே கலக்காத வெறும் தின்னரை மெல்லிய புகையாக அடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளை ஓரத்திலிருந்து கரைந்து போய், அடியில் கறுப்பு ஈரமாகக் கண் திறந்தது.

ஆனால் கம்ப்ரசரை ஓட்டியது வேறு ஆள். மேனேஜர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், அண்ணன் போகவில்லை. அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை சொன்னான். "அந்தாளு சொன்னா சொல்லிட்டுப் போறான், யாரோ ஒருத்தன். நைனா என்ன ‘செஞ்சியாடா’ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? இல்லன்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதானே."

கப்பலை ஏரியில் விட்டுக் கொளுத்தினார்கள். ஊரே விசிலடித்தது. அத்தனை பாடுபட்ட கறுப்பும் துருவும் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கொப்பளித்து, சுருண்டு, தண்ணீரில் மிதந்தது. அண்ணன் பார்க்க வரவில்லை. எண்ணூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்கப் போயிருந்தான். வேலையும் கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டான்.

அவன் பொங்கலுக்கு வந்தபோதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டில் நைனாவை எல்லோரும் ‘நீ’ என்றுதான் பேசுவோம். "சாப்டியா நைனா", "எப்ப வந்த நைனா". அண்ணன் வாசலில் பையை வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா?" என்றான். நைனா யாரோ பின்னால் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். அதிலிருந்து எப்போதும் ‘நீங்க’தான். மரியாதைக்குக் குறைவில்லை. பணம் அனுப்பினான், வேட்டி வாங்கி வந்தான், கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனான். "உட்காருங்க, பாத்து எறங்குங்க." ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். பிள்ளை பட்டணத்துக்குப் போய் மரியாதை கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்றார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களை நாலு பேர் முன்னால் அடித்தும்விட்ட பிறகுதான் வேறொன்று தோன்றியது. போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நைனா பயந்திருக்கிறார். தான் ஒன்று வைத்துவிட்டால் மேனேஜர் மனசு ஆறி, அதோடு விட்டுவிடுவார் என்று அடித்திருக்கலாம். நம்பி அடிக்கவில்லை, காப்பாற்ற அடித்திருக்கிறார். நைனா படுக்கையில் விழுந்த வருஷம் இதை அண்ணனிடம் சொன்னேன்.

"இருக்கலாம்" என்றான். "எனக்கும் அப்பப்ப தோணியிருக்கு."

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். அண்ணன் நைனாவின் தலையைத் தன் மடியில் தாங்கி, கஞ்சியைச் சொம்பிலிருந்து டம்ளருக்கு ஆற்றிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் குடிக்கிறீங்களா?" என்றான்.

நைனா கண்ணைத் திறந்தார். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"குடிக்கிறியான்னு கேளுடா."

அண்ணனின் கையில் டம்ளர் நின்றது. அம்மா கதவோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அண்ணன் ஒரு தடவை செருமினான், வார்த்தை வரவில்லை. மறுபடி செருமினான்.

"குடி நைனா" என்றான்.